எழவு ஒரு தவறான கட்டளை

இன்னைக்கும் காலைல ஆறு மணிக்கே குழுவுல ஒரு படம் வந்து விழுந்துச்சு. ஒரு ரோஜாப் பூ, ஒரு காபி கப்பு, அதுக்குக் கீழ எங்க மொழியோட சின்னம். 'நம் மொழி சாகவில்லை. இனிய காலை வணக்கம்.' நான் அப்பப் பல்லுகூட விளக்கல. போனைக் கவுத்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

மொழின்னா தமிழ் இல்ல, கம்ப்யூட்டருக்கு எழுதுற மொழி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா, தெரிஞ்சவங்க "அது இன்னுமா இருக்கு?"ன்னு சிரிப்பாங்க. தெரியாதவங்களுக்கு அது தேவையும் இல்ல. இருபத்தி ரெண்டு வருஷமா நான் அதுலதான் கஞ்சி குடிக்கிறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடில இருந்த சென்டர்ல கத்துக்கிட்டது. எட்டு வருஷம் சென்னைல அதுலயே வேலை. பெறகு கல்யாணம், அது சரிப்படாம மறுபடி ஊருன்னு ஆனப்பவும் இது மட்டும் கூடவே வந்துச்சு. எங்கயோ இருக்கிற கம்பெனிகளோட பழைய புரோகிராம்ல ஓட்டை விழுந்தா, வீட்ல உக்காந்துக்கிட்டே அடைச்சுக் குடுப்பேன். அதான் என் தொழில். நான் அதை எழுதுறேன்னு சொன்னா இப்ப காலேஜ் படிக்கிற பிள்ளைங்க என்னைப் பரிதாபமாப் பாக்குதுங்க.

குழுன்னு சொன்னேன்ல, அது இந்த மொழியை எழுதுறவங்களோட குழு. ஒரு காலத்துல மதுரைல மாசம் ஒரு தடவை கூடுவோம், உக்கார நாற்காலி பத்தாது. அப்புறம் ஒவ்வொருத்தரா புது மொழிக்குத் தாவிட்டாங்க. நான் சொல்ற நேரத்துல அம்பது பேரு மிச்சம், அதுலயும் வாயைத் தெறக்கிறவங்க பத்து பேரு. அவங்க பேசுறது என்னன்னு கேக்குறீங்களா? நம்ம மொழி ஏன் சாகுது, யாரு கொன்னது, சின்னத்தை மாத்தினா பொழைக்குமா, சின்னத்துக்கு நீலம் நல்லா இருக்குமா பச்சை நல்லா இருக்குமா. இதுக்கு நாலு நாள் சண்டை, ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வெளிய போவாங்க, மறுவாரம் திரும்பி வருவாங்க. இதுக்குன்னு பொறந்திருக்காங்க சில பேரு.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. கம்ப்யூட்டர்ல முகம் காட்டிக் கூடுற கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. அதுல சொன்னேன், "ஏங்க, நம்ம மொழியப் பத்தி நம்மளே பேசிக்கிட்டு இருந்தா அது எப்படிங்க பொழைக்கும்? கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாத ஒரு ஆளுக்கு உதவுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. அது எந்த மொழில எழுதினதுன்னு அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாம். ஆனா அது இல்லாட்டி அவருக்கு அன்னைக்குப் பொழுது ஓடக் கூடாது. அப்படிப் பத்து பேரு கெடைச்சா மொழி தானா நிக்கும்."

எல்லாரும் கை தட்டுனாங்க. குழுவோட அட்மின் சென்னைல பெரிய பதவில இருக்கிறவரு. எல்லாரும் அவரைத் தலைவர்னுதான் கூப்பிடுவாங்க. அவரு "அருமை, அருமை"ன்னாரு. ஒருத்தரு, "பொதுமக்கள் கைல குடுத்தா போன் போட்டுக் கேள்வி கேப்பாங்களே மேடம், அது பெரிய தொந்தரவு"ன்னாரு. அதோட முடிஞ்சுச்சு. மறுநாள் மறுபடியும் நீலமா பச்சையா.

சரி, நம்மளே செய்வோம்னு நெனச்சேன். அந்த நெனப்புல எம்புட்டு வீம்பு இருந்துச்சுன்னு அப்பத் தெரியல.

என் அக்காவைக் கட்டிக் குடுத்தது ரெட்டியார்சத்திரம் பக்கம். அவ வீட்டுக்காரரு செத்து நாலு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, கல்யாணமாகித் திருப்பூர்ல இருக்கு. வீட்ல அக்காவும், படுத்த படுக்கையாக் கெடந்த அவ மாமனாரும் மட்டுந்தான். முக்கால் ஏக்கர் சம்பங்கி, ஒட்டினாப்பல கொஞ்சம் வெண்டை. அதை வச்சுத்தான் ரெண்டு பேரும் சாப்பிடணும். தண்ணிக்கு ஒரு கூட்டுக் கிணறு. அஞ்சு பங்கு. முதல் பங்கு அக்காவோடது. மத்த நாலும் அவ வீட்டுக்காரரோட சித்தப்பா மகன்கள், அக்காவுக்குக் கொழுந்தன் மொறை.

அந்தக் கிணத்துக்குன்னு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பங்குக்கும் எட்டு மணி நேரம் முறை. கடிகார மணி இல்ல, கரண்ட்டு மணி. உங்க முறைல அஞ்சு மணி நேரம் மோட்டார் ஓடி கரண்ட்டு போயிருச்சுன்னா, மறுபடி எப்ப வந்தாலும் பாக்கி மூணு மணி உங்களுக்குத்தான். கரண்ட்டு இருந்தும் மோட்டார் போடாம நீங்க தூங்கினா அது உங்க பாடு, நேரம் கழிஞ்சுரும். இம்புட்டுத்தான். ஆனா கரண்ட்டு எப்ப வந்துச்சு எப்பப் போச்சுன்னு எவன் எழுதி வைக்கிறான்? எல்லாம் வாய்ச் சொல்லு. வாய் பெருசா இருக்கிறவனுக்குத் தண்ணி.

"நேத்து ரெண்டு மணி நேரம் கரண்ட்டே இல்லயே மதினி, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்குத்தான்." மூத்த கொழுந்தன் வாரா வாரம் பாடுற பாட்டு இது. அக்கா வீட்ல மாமனாருக்கு மூத்திரத் துணி மாத்திக்கிட்டு இருந்திருப்பா, கரண்ட்டு இருந்துச்சா இல்லயான்னு அவ எங்க கண்டா? எட்டு மணி வர வேண்டிய இடத்துல அஞ்சு மணி கெடைக்கும், நாலு மணி கெடைக்கும். சம்பங்கி கடைசி வரப்புல மஞ்சளாப் போச்சு. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, இதுக்கு ஒரு வழி செய்யக் கூடாதா?"ன்னு ஒரு நாள் எரிச்சலாக் கேட்டா. அவ நெசமாக் கேக்கல, வேடிக்கையாத்தான் கேட்டா. எனக்குப் பொறி தட்டிருச்சு.

மோட்டார் ரூம்ல ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்துச்சு. மொபைல் ஸ்டார்ட்டர்னு சொல்வாங்க. உள்ள ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்ல இருந்தபடி போன் பண்ணினா மோட்டார் ஓடும், கரண்ட்டு வந்தாலும் போனாலும் மோட்டார் ஓடினாலும் அதுவே மெசேஜ் அனுப்பும். இப்ப எல்லாக் கிணத்துலயும் இருக்கு. மூத்த கொழுந்தன் போனுக்கு மட்டும் போய்க்கிட்டு இருந்த அந்த மெசேஜை என் வீட்ல இருந்த ஒரு பழைய போனுக்கும் வர வச்சேன். போனைப் பழைய லேப்டாப்ல மாட்டுனேன். கரண்ட்டு வந்த நேரம், போன நேரம், மோட்டார் ஓடுன நேரம் எல்லாத்தையும் என் புரோகிராம் கணக்குப் போட்டு, அஞ்சு பங்குக்காரங்களுக்கும் ஒரே நேரத்துல சொல்லும்: 'இன்றைய முறை முதல் பங்கு. பாக்கி இரண்டு மணி நாற்பது நிமிடம்.'

எழுதுறதுக்கு முன்னாடி அக்கா கட்டில் ஓரத்துல உக்காந்து ஒவ்வொரு சட்டமாச் சொல்லச் சொல்ல நான் குறிச்சுக்கிட்டேன். எல்லாம் சொல்லிட்டு எந்திரிச்சவ, நின்னு, "அப்புறம் எழவு இருக்கு"ன்னா.

"எழவுக்கு என்ன?"

"எழவு விழுந்த வீட்டுக்காரங்க கருமாதி முடியற வரைக்கும் வயக்காட்டுல கால் வைக்க மாட்டாங்க. அதனால அந்த வீட்டு முறை கழியாது. அப்படியே நிக்கும். கருமாதிக்கு மறுநாள் நின்னதை அம்புட்டையும் சேத்துக் குடுத்துருவாங்க. இது மட்டும் இந்தப் பயலுக மாத்திப் பேச மாட்டானுக. எங்க வீட்டுக்காரரு செத்தப்பக்கூட மூணு முறையும் அப்படியே விட்டானுக."

அதையும் எழுதினேன். எழவு வீட்ல இருந்து யாராவது 'எழவு'ன்னு ஒரு வார்த்தை அனுப்பினா அந்தப் பங்கு நின்னுரும். 'காரியம்'னு அனுப்பினா சேத்துக் குடுக்கும். பதினோரு வரி. அழகா இல்ல, அவசரத்துல எழுதினது. ஆனா வேலை செஞ்சுச்சு.

முதல் வாரம் கொழுந்தன்மாரு சிரிச்சானுக. ரெண்டாவது வாரம் மூத்தவன், "இந்தா பாரும்மா, உன் மெசேஜ் தப்பு"ன்னு போன் பண்ணினான். கரண்ட்டு வந்த நேரம், போன நேரம் எல்லாத்தையும் நிமிஷ சுத்தமா அவனுக்கே அனுப்பினேன். அவனோட ஸ்டார்ட்டர் பெட்டி சொன்னதுதான் அது, அவன் என்னத்தப் பேசுவான்? மத்த மூணு தம்பிமாரும் அதைப் பாத்துட்டாங்க. அண்ணன் தங்களையும் சேத்துத்தான் இம்புட்டு நாளும் ஏமாத்தியிருக்கான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு அவங்களுக்கு. அதுக்கப்புறம் மெசேஜ் சொன்னதுதான் முறை. மூணு வருஷத்துல முதல் தடவையா அக்காவுக்கு எட்டு மணி நேரம் முழுசாக் கெடைச்சுச்சு. அன்னைக்கு அவ போன் பண்ணி, "ஏ, கடைசி வரப்பு வரைக்கும் போச்சுடி தண்ணி"ன்னா. நான் அழுதேன். சொன்னா என்ன, அழுதேன்தான்.

விஷயம் பரவிருச்சு. பக்கத்துக் கிணறு கேட்டாங்க, அதுக்கடுத்த கிணறு கேட்டாங்க. பாலசமுத்திரத்துல இருந்து ஒருத்தரு. ஆயக்குடில கொய்யாத் தோப்பு வச்சிருக்கிற ஒருத்தரு போன் பண்ணி, "ஏனுங்க, இந்த முறை சொல்ற அம்மாவுங்களா? எங்க கெணத்துக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, அண்ணந்தம்பி மண்டைய ஒடைச்சுக்குவோம் போல இருக்குதுங்க"ன்னாரு. அவருக்கு என் மொழி பேரு தெரியாது. தெரிய வேண்டாம்னுதான நான் சொன்னேன்? எனக்கு அம்புட்டுச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துல போய்க் குழுவுல சொன்னேன். அங்கதான் என் புத்தி கெட்டுச்சு.

அன்னைக்கு விழுந்த கைதட்டுக் குறியும் நெருப்புக் குறியும் இன்னும் கண்ணுல நிக்குது. செத்தவங்க மாதிரிக் கெடந்தவங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்தாங்க. புது மொழிக்குப் போனவங்க திரும்பி வந்து, "நான் எப்பவும் இதை விட்டதே இல்ல"ன்னாங்க, கூசாம. ஒரே மாசத்துல நாப்பது பேரு புதுசாச் சேந்தாங்க. தலைவர் திண்டுக்கல்லயே கூட்டம் போட்டாரு, ஒரு ஓட்டல் ஹால்ல. கார்ல வந்து இறங்குனாங்க. எல்லாரும் ஒரே மாதிரி பனியன், நெஞ்சுல 'நாங்கள் சாகவில்லை'. மத்தியானம் சாப்பாடு பிரமாதம், ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. "கிணறு இருபது நிமிஷத்துல போயிரலாம், வாங்க பாத்துட்டு வருவோம்"ன்னேன். "வெயில் ஜாஸ்தியா இருக்கே மேடம்"ன்னாங்க. ஒருத்தருகூட வரல. ஆனா பேனருக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாங்க பாருங்க, அதுக்கு வெயில் அடிக்கல போல.

புரோகிராமை எல்லாரும் கை வைக்கிற மாதிரிப் பொதுவுல வைக்கணும்னு தலைவர் சொன்னாரு. சரின்னேன். ஊருக்கே பயன்படட்டும்னுதான். யாராவது மாத்தினா நான் பாத்து ஓகே போடணும், போட்டா எல்லாக் கிணத்துக்கும் அது போயிரும். அதான் ஏற்பாடு. பெங்களூர்ல இருந்து ஒருத்தரு, என் வயசுதான் இருக்கும், ராப்பகலா உக்காந்து என் புரோகிராமைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சாரு. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரரு. நான் அம்பது வரில எழுதினதைப் பத்து வரில எழுதுவாரு. ஆனா சம்பங்கி வெள்ளையா செவப்பான்னு கேட்டா அவருக்குத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் காலைல ஆயக்குடிக்குப் போறதுக்காக ஒட்டன்சத்திரம் பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு கைல கம்பி, ஒரு கைல போன். அவரோட மாத்தம் வந்துச்சு, தொள்ளாயிரம் வரி. தலைப்பு 'சுத்தம்'. கூடவே குழுவுல அவருக்கு வாழ்த்து, எனக்கு வாழ்த்து, மொழிக்கு வாழ்த்து. நான் படிக்கல. பஸ் ஆட்டத்துல எழுத்து தெரியலன்னு சொல்லலாம், அது பொய். பெருமை. தலைகால் புரியாத பெருமை. நம்மளால ஒரு மொழியே எந்திரிச்சு நிக்குதேங்கிற நெனப்புல கட்டை விரலால ஓகே போட்டேன்.

அந்த மாத்தத்துல எழவு இல்ல. எடுத்துட்டாரு. ஏன் எடுத்தேன்னு குறிப்பும் எழுதியிருந்தாரு, ஒழுங்கா. 'இதுவரை ஒருமுறையும் பயன்படாத நிபந்தனை நீக்கப்பட்டது. மரணம் சார்ந்த சொற்கள் நம் மொழியின் பிம்பத்துக்கு உகந்தவை அல்ல.' மொழி செத்துப்போச்சுன்னு ஊர் சொல்லிச் சொல்லி இவங்களுக்குச் சாவுங்கிற வார்த்தையே ஆகாமப் போச்சு. மனுசன் சாவான்னு மறந்துட்டாங்க.

ஒண்ணரை மாசம் கழிச்சு அக்காவோட மாமனாரு செத்தாரு. காலைல பால் குடிச்சவரு பத்து மணிக்குப் போயிட்டாரு. நான் பதினொண்ணுக்குள்ள அங்க போயிட்டேன். பந்தல் போட்டு, சொந்தம் வந்து, அழுது, குளிப்பாட்டி, சாயங்காலம் எடுத்தாங்க. கொழுந்தன்மாரு நாலு பேரும் பெரியப்பான்னு அழுதானுக. பாடைக்கு முன்னால தோள் குடுத்தது மூத்தவன்தான். அந்தக் களேபரத்துலயும் நான் அக்கா காதுல, "எழவுன்னு அனுப்பிட்டியா?"ன்னேன். "அனுப்பிட்டேன்"ன்னா. அதுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு அவ பாக்கல. பொணத்தை நடுவுல வச்சுக்கிட்டு யாரு போனைப் பாப்பா? நானும் கேக்கல.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுச்சு, அக்கா 'காரியம்'னு அனுப்பிட்டுப் படுத்துட்டா. மறுநாள் காலைல நானும் அக்காவும் வயக்காட்டுக்குப் போனோம். மோட்டார் ஓடுற சத்தம் தூரத்துலயே கேட்டுச்சு. நம்மளுக்காகப் போட்டிருக்கானுக போலன்னு நெனச்சேன், சத்தியமா. கிட்டப் போனா தண்ணி மூத்தவன் காட்டுக்குப் பாயுது. பக்கத்துல அக்காவோட சம்பங்கி கண்ணு முழுக்க மஞ்சளா நிக்குது. பதினாறு நாளா ஒரு சொட்டுக் கெடையாது அதுக்கு. வெயிலு காலம்.

"ஏப்பா, எங்க மூணு முறை நிக்குதே. இன்னைக்கு எங்களுக்குத்தான?" அக்கா தணிவாத்தான் கேட்டா.

அவன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மடில இருந்து போனை எடுத்தான். "முடிஞ்சிருச்சுன்னு வந்திருக்கே மதினி." காட்டுனான். முதல் பங்கின் முறை முடிந்தது. முதல் பங்கின் முறை முடிந்தது. முதல் பங்கின் முறை முடிந்தது. தேதி போட்டு, நேரம் போட்டு மூணு மெசேஜ்.

"ஏப்பா, உங்க பெரியப்பா செத்தது உனக்குத் தெரியாதா? தோள் குடுத்தவன் நீதானப்பா?"

"தெரியும் மதினி. அதுக்கு நாங்க என்ன செய்ய? மெஷினு சொல்லுது. உங்க தங்கச்சி வச்ச மெஷினுதான?"

என்னைப் பாத்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்பு என் ஒடம்புல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு, கழுவினாலும் போகல.

வரப்புலயே நின்னுக்கிட்டு அக்கா போனை வாங்கிப் பாத்தேன். எழவு விழுந்த அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு அவ அனுப்பின 'எழவு'. அதுக்கு அடுத்த நொடியே பதில்: 'தவறான கட்டளை. மீண்டும் முயற்சிக்கவும்.'

மீண்டும் முயற்சிக்கவும். செத்தவரைப் பாத்துச் சொல்லுது.

வீட்டுக்கு வந்து பத்தே நிமிஷத்துல பழைய பதினோரு வரியத் திருப்பிப் போட்டேன். 'முதல் பங்குக்கு மூன்று முறை பாக்கி' அஞ்சு பேருக்கும் போச்சு. அடுத்த நிமிஷம் மூத்தவன் போன்ல வந்துட்டான். "இந்தா பாரும்மா, காலைல ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது. நீ உன் வீட்ல உக்காந்துக்கிட்டு உங்க அக்காவுக்குத் தக்கன மாத்துவ, நாங்க தலையாட்டணுமா? முடிஞ்சது முடிஞ்சதுதான்." தம்பிமாரும் அவன் பக்கம் சாஞ்சுட்டானுக. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. நான் மாத்துறதை அவங்க கண்ணால பாத்துட்டாங்க. இம்புட்டு நாளும் அவங்க நம்புனது கணக்கை. அது என் கைல இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

மூணு முறை போச்சு. அக்காவோட அடுத்த முறை வாரதுக்குள்ள பாதிச் சம்பங்கி கருகிருச்சு. பொதுவாச் சம்பங்கி லேசுல சாகாது, கெழங்கு தாங்கும்பாங்க. இது தாங்கல.

எல்லாத்தையும் எழுதிக் குழுவுல போட்டேன். மாமனாரு செத்தது, எழவுன்னு அனுப்பினது, வந்த பதில், கருகுன பாத்தியோட போட்டோ, ஒண்ணு விடாம. நானும் படிக்காம ஓகே போட்டேங்கிறதையும் மறைக்கல. மொத ஆளு: 'எந்த வெர்ஷன்?' ரெண்டாவது ஆளு கும்பிடுற கை. மூணாவது, 'ஆழ்ந்த இரங்கல், முறையாக ஒரு புகார் பதிவு செய்யவும்.' பெங்களூர்க்காரரு, 'சோதனை எழுதாதது உங்கள் தவறு மேடம்'ன்னாரு, மாத்தினா எதாவது ஒடையுதான்னு தானாப் பாத்துச் சொல்ற புரோகிராமை நான் எழுதி வைக்கலன்னு. சரிதான், என் தவறுதான். ஆனா அதுக்கப்புறம் தலைவர் எழுதினாரு பாருங்க: 'வருத்தமான நிகழ்வு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் நண்பர்களே. மக்களின் வாழ்வே நம் மொழியை நம்பி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?' அதுக்கு அறுபது பேரு இதயக் குறி போட்டாங்க. அறுபது! சீ. எழவு வீட்டுக்கு வந்து பந்தி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறவன்கூட இவங்களுக்குத் தேவலை.

அடுத்த கூட்டத்துல தலைவர் காட்டுன படங்கள்ல அக்காவோட கருகுன பாத்தியும் இருந்துச்சாம். 'நிஜ உலகத் தாக்கம்'னு தலைப்பு. நான் போகல.

மொழி பொழைச்சுக்கிச்சு, அதைச் சொல்லணும். இப்பக் குழுவுல இருநூறு பேருக்கு மேல. புதுசு புதுசா என்னென்னமோ செய்றாங்க, சிலது நல்லாவும் இருக்கு. நான் சொன்ன யோசனைதான், தப்பில்ல. ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரரு போன வாரம்கூடக் கூப்பிட்டு, "அண்ணந்தம்பி ஒண்ணாச் சாப்பிடறோமுங்க"ன்னாரு. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட என்னால முடியல.

அக்கா என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கருகுனதைப் பிடுங்கிக்கிட்டே சொன்னா, "முன்னாடி ஏமாத்தினாலும் என் மூஞ்சியப் பாத்துத்தான்டி ஏமாத்துவான். பேசும்போதே கண்ணு கீழ போயிரும். எழவுல மட்டும் அவனால ஏமாத்த முடியல, ஏன்னா அதைச் சொல்ல என் முன்னாடி வந்து நிக்கணும்ல? இப்பப் போனைப் பாத்துக்கிட்டே சொல்லிட்டுப் போறான்." பிடுங்குன செடிய வரப்புல போட்டுட்டு, "என் நம்பரை அதுல இருந்து எடுத்துரு. எனக்கு அந்த மெசேஜே வேண்டாம்"ன்னா.

அன்னைக்கே எடுக்க உக்காந்தேன். நம்பரை மட்டும் எடுக்க நான் வழி வைக்கல, அதனால முதல் பங்குல கைய வச்சு 'நீக்கு'ன்னு அமுக்கினேன். எப்பவோ, ஒவ்வொண்ணையும் யோசிச்சு யோசிச்சு நானே எழுதி வச்ச வாசகம் வந்து நின்னுச்சு: 'இந்தப் பங்கை நீக்கினால் இதன் முறை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். சரியா?'

'வேண்டாம்'னு அமுக்கிட்டு லேப்டாப்பை மூடினேன். எடுத்துட்டேன்னு அக்காகிட்டப் பொய் சொன்னேன்.

மறுநாள் காலைல ஆறு மணிக்குக் குழுவுல ரோஜாப் பூ வந்துச்சு. அதே நேரத்துக்கு என் புரோகிராம் அக்காவுக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிருச்சு: 'இன்று உங்கள் முறை இல்லை.'